தூர்ந்த ஏரி

நான் என்ன படிக்கிறேன் என்பதை எங்கள் தெருவில் ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. "தண்ணியப் படிக்கிறேன்" என்றால் சிரிப்பார்கள். "தண்ணியில என்னத்த ஆத்தா படிக்கிறது, குடிக்கத்தான் முடியும்" என்பார்கள். தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகம், அதற்குள் ஒரு ஆய்வு நிறுவனம், ஏரி குளங்களின் நன்னீரை ஆராய்வதுதான் அதன் வேலை, அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னாலும் 'டாக்டர்' மட்டும்தான் காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் தண்டோரா போட்டவள் என் அக்கா. "என் தங்கச்சி ஏரிக்கு டாக்டரு" என்று நடவு வயலில் சொல்லிச் சொல்லி, நான் லீவில் போனால் காய்ச்சல், கழிச்சல் என்று ஆள் வந்து நிற்கும். "அவ ஏரிக்குத்தான் வைத்தியம் பாப்பா, போங்க போங்க" என்று அக்காவே துரத்தியும் விடுவாள்.

அம்மாவும் அப்பாவும் நான் சின்னப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு எல்லாம் அக்காதான். கல்யாணத்தின்போது மாமாவிடம் அவள் போட்ட ஒரே நிபந்தனை, "இவ என்கூடத்தான் இருப்பா, எதுவரைக்கும் படிக்கிறாளோ படிப்பா" என்பது. மாமா வாயில்லாப் பூச்சி, சரி என்றுவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைப்பற்றி இழுத்தால், "பெத்துத்தான் வளக்கணுமா? எனக்கு ரெடிமேடா ஒண்ணு வந்துடுச்சு" என்று வாயை அடைத்துவிடுவாள். நான் பல்கலைக்கழகம்வரை போனது அவள் சேற்றில் குனிந்து நின்றதால்தான்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. மிராசுதார் வீடும் கோயிலும் இருக்கிற இடம் வேறு, நாங்கள் இருந்த தெரு வேறு. எங்கள் குடிசையின் கூரை எங்களுடையது, அது நின்ற தரை மிராசுதாருடையது. அவர் பண்ணையில் வேலை செய்கிறவரைக்கும் இருக்கலாம். கூலியைக் கூட்டிக் கேட்டாலோ, சங்கத்துச் சிவப்புக் கொடியைக் கையில் பிடித்தாலோ, அவருடைய காரியக்காரர் வாசலில் வந்து நிற்பார். குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டதாக மேடைக்கு மேடை பேசினார்கள். வந்திருக்கலாம். எங்கள் தெருவுக்கு வர அதற்குப் பாதை கிடைக்கவில்லை போலிருக்கிறது. "எனக்குக் காணி கரையெல்லாம் வேணாம்டி. ஒரு குச்சு கட்டுற அளவுக்கு எடம், என் பேர்ல இருக்கணும். எந்தப் பயலும் வந்து எந்திரின்னு சொல்லக் கூடாது." அக்கா சாமியிடமும் இதைத்தான் கேட்டாள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும் இதைத்தான் கேட்டாள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவள் கேட்டது மட்டும் மாறவில்லை.

ஊருக்கும் தெருவுக்கும் கிழக்கே ஏரி. கல்லணைக் கால்வாயான புது ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து வந்து அதை நிறைக்கும். எங்கள் நிறுவனம் ஆராயத் தேர்ந்தெடுத்த ஏரிகளில் அதுவும் ஒன்று. எங்கள் பேராசிரியரை நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சார் ஜீப்பில் ஒரு தகரப் படகைக் கட்டிக்கொண்டு எங்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய ஒரு வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவோம். எவ்வளவு ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அவ்வளவு தெளிவு அந்தத் தண்ணீருக்கு. கழியை ஊன்றி ஆழம் பார்ப்போம். பாட்டிலில் தண்ணீர் எடுப்போம், மெல்லிய வலையில் பாசி அரிப்போம், அடிச்சேற்றை அள்ளி மோந்து பார்ப்போம். சாருக்கு ஒரு பழக்கம். சோதனை முடிந்து மிஞ்சிய தண்ணீரை எங்கேயும் கொட்டவிடமாட்டார். எந்த ஏரியில் எடுத்ததோ அடுத்த முறை போகும்போது அதே ஏரியில் ஊற்ற வேண்டும். "அதோட ரத்தத்தை வாஷ்பேசின்ல ஊத்தாதீங்கம்மா" என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம், ஆனால் ஊற்றினதில்லை.

படகைத் தள்ளுகிறவள் என் ஜூனியர் பெண். பேராவூரணிக்குக் கிழக்கே கடற்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். கழியைப் பிடித்தாள் என்றால் படகு அவள் சொன்னபடி கேட்கும். "இந்தத் தண்ணிய ஏரின்னு சொல்றீங்களேக்கா, எங்க ஊர்ல இதுல கோழி குளிக்கும்" என்று சீண்டிக்கொண்டே தள்ளுவாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாய்க்கால் மேடிட்டுத் தண்ணீர் வருவது குறைந்து, காட்டாமணக்கு கரையிலிருந்து இறங்கி ஏரிக்குள்ளேயே காடாக நின்றது. மேட்டூரிலிருந்து தண்ணீர் வராத வருடங்களில் படகை நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம். ஆனாலும் ஏரி உயிரோடுதான் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்தால் போதும், திருவிழாக் கூட்டம் தெரியும்.

தூர் வாரினால் பிழைக்கும் என்று சார் ஒரு அறிக்கை எழுதிக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினார். நல்ல இங்கிலீஷ் அறிக்கை. போன வேகத்தில் திரும்பி வந்தது. ஆட்சிமொழி தமிழ், ஆகவே தமிழில் அனுப்பவும் என்று மேலே எழுதியிருந்தார்கள். இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தவர் எங்களோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பற்றாளர். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'கலைச்சொல்'. மைக்ராஸ்கோப்பை நுண்ணோக்கி என்று சொல்லாவிட்டால் எடுத்துத் தரமாட்டார். இழுத்துப் போட்டுக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தார். சத்து அதிகமாகிப் பாசி மண்டி, சேறு ஏறி, வயதாகிப்போன ஏரிக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்கு அவர் 'மிகையூட்டமுற்று முதுநிலையெய்திய நீர்நிலை' என்று எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். ஜூனியர் பெண், "அண்ணே, படிக்கிறதுக்குள்ள ஏரி வத்திரும்ணே" என்றாள். சார் சிரித்துவிட்டு, "எதுக்குப்பா சுத்தி வளைக்கிறே? தூர்ந்த ஏரின்னு போடு. குடியானவனுக்கும் புரியும்" என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு பல்கலைக்கழக அறிக்கையில் ஏறுகிறதே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. தூர்ந்த ஏரி, தூர்ந்த ஏரி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி அனுப்பினோம்.

எங்கள் பக்கத்தில் ஏரி தூர்ந்துபோச்சு என்று ஒருவன் சொன்னால், தூர் வாருங்கள் என்று அர்த்தம். பசிக்கிறது என்று சொல்கிற மாதிரி. ரெவின்யூ ஆபீஸ் கோப்பில் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. அங்கே தூர்ந்தது என்றால் முடிந்தது. அது இனி நீர்நிலை இல்லை, வகை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எங்களில் இருந்தார்கள், செந்தமிழ் தெரிந்தவர் இருந்தார், வயல்காட்டுத் தமிழுக்கு நான் இருந்தேன். தாலுகா ஆபீஸ் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போனார்.

அந்த அறிக்கை போய்ச் சேர்ந்த வருடம் எங்கள் ஊரில் அறுவடைத் தகராறு. கூலியாகக் கொடுக்கிற நெல்லைக் கூட்டித் தரவேண்டும் என்று சங்கம் கேட்டது. மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலில் இறங்கியவர்களை எங்கள் ஆட்கள் மறித்தார்கள், போலீஸ் வந்தது, லத்தி வந்தது. வாயில்லாப் பூச்சியான என் மாமாவுக்குக் கை ஒடிந்தது. அடுத்த வாரமே காரியக்காரர் ஆட்களோடு வந்து எங்கள் கூரையைப் பிரித்துப் போட்டார். அக்கா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரைக்கும் அவர்களைத் துரத்தியிருக்கிறாள். பிறகு சட்டி பானையோடு தெருப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மனை கொடுக்காமல் எழுந்திருக்கமாட்டோம் என்று அங்கேயே உலை வைத்துப் பொங்கினார்கள். பேப்பரிலும் வந்தது.

அரசாங்கத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. மிராசுதாரின் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்கலாம் என்றால் அது கோர்ட்டில் கிடந்தது. டிரஸ்ட் பேரில் கொஞ்சம், மச்சினன் பேரில் கொஞ்சம், சமையல்காரர் பேரில் கொஞ்சம். தேடிப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது ஏரி. பல்கலைக்கழகமே தூர்ந்த ஏரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. கேட்பவனுக்கும் கொடுத்த மாதிரி ஆயிற்று, வைத்திருப்பவனிடமும் எடுக்காத மாதிரி ஆயிற்று. பந்தல் போட்டு, மைக் கட்டி, மந்திரி வந்து இலவச மனைப் பட்டா கொடுத்தார். இதெல்லாம் தஞ்சாவூரில் இருந்த எனக்குத் தெரியாது. பட்டா கிடைக்கப்போகிறது என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் அக்கா நிறுவனத்துக்கே வந்துவிட்டாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டுச்சேலை, தலை நிறைய கனகாம்பரம், கையில் மன்னார்குடிக் கடை மைசூர்பாகு. உள்ளே நுழைந்து கையில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். வாட்ச்மேனுக்குக்கூட இரண்டு. "என் பேருங்க சார். மைக்ல என் பேரைத்தான் கூப்புட்டாங்க. அவரு பேரு இல்ல, என் பேரு" என்று சாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கலைச்சொல் எழுந்து நின்று, "ரொம்ப சந்தோஷம்க்கா. எந்த எடத்துல?" என்று கேட்டார்.

"நம்ம ஏரியிலதாங்க தம்பி. மதகுக்கிட்ட நீங்கள்லாம் தட்டு விட்டுப் பாப்பீங்களே, அங்கதான் என் மனை."

சார் வாயருகே கொண்டுபோன மைசூர்பாகைத் திரும்பத் தாளில் வைத்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அது பள்ளம்க்கா. ஏரியிலயே ஆழமான எடம் அதுதான். வேணாம்க்கா."

"தண்ணி எங்கடி இருக்கு? போன தடவை நீயே படகை இழுத்துக்கிட்டுல்ல போன."

"வரும்க்கா. ஒரு வருஷம் இல்லாட்டி ஒரு வருஷம் வரும்."

"வரட்டும். தண்ணி வந்தா வடியும். மிராசுதாரு வந்தா வடிவாரா?"

"வேற எடம் கேப்போம்."

"யாருகிட்டடி கேப்ப? கேட்டுக் கேட்டுத்தான் உன் மாமனுக்குக் கை ஒடிஞ்சுது." அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏரிக்கு டாக்டரு, ஏரிக்கு டாக்டருன்னு ஊர்ல சொன்னவளே நான்தான். அதுக்காக இப்ப ஏரி பக்கமே நிப்பியா? எம் பக்கம் நிக்க மாட்டியா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "கிறுக்கு, நல்ல நாளும் அதுவுமா" என்று திட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சார் மறுநாளே தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தாசில்தார் கெட்டவர் இல்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "தூர்ந்த ஏரின்னா எங்க கணக்குல அது ஏரியே இல்ல சார். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே" என்றார். தூர் வாரவேண்டும் என்பதற்காக எழுதியது அது என்றார் சார். "அப்ப தூர் வாரப்பட வேண்டிய ஏரின்னு எழுதியிருக்கணும். தூர்ந்ததுன்னு எழுதிட்டீங்க. இப்ப போய் இத்தனை ஏழை ஜனங்க பட்டாவை நான் ரத்து பண்ணட்டுமா? நீங்களே சொல்லுங்க" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த லட்சணத்தில் மிராசுதாருக்கு ஏரிமேல் காதல் வந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் அவர் வயலுக்குப் பக்கத்திலேயே குடியேறுவது அவருக்குப் பொறுக்கவில்லை. முன்னோர் வெட்டிய ஏரி, அபூர்வப் பறவைகள் வருகிற ஏரி, காக்க வேண்டும் என்று கோர்ட்டில் வழக்குப் போட்டார். எங்கள் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பி, நாங்கள் பார்த்த பறவைகளின் விவரம் வேண்டும் என்று கேட்டார். பறவைகள்மேல் அந்த வீட்டுக்கு இருந்த அன்பு அதுவரைக்கும் குழம்பில்தான் தெரிந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளைப் பாசித்தொட்டியில் தள்ளியிருப்பேன், கலைச்சொல்தான் தடுத்தார். ஏரி உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் மிராசுதார் பக்கம் போய் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் அக்கா பள்ளத்தில் இருப்பாள். "எந்தப் பக்கமும் வாயத் திறக்க முடியாமப் பண்ணிட்டாங்களேம்மா" என்று சார் சொன்னார். வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா வீடு கட்டினாள். எல்லோரும் மண்சுவர் வைத்தபோது இவள் மட்டும் செங்கல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சூளைக்கு வேலைக்குப் போய், கூலிக்குப் பதில் உடைந்த கல்லாகத் தலையில் சுமந்து வந்து சேர்த்தாள். சிமெண்டுக்கு எங்கே போவது? ஏரிச் சேற்றையே குழைத்து வைத்து மாமா ஒரு கையாலேயே சுவர் எழுப்பினார். மேலே கீற்று. நான் போனபோது ஒவ்வொரு மூலையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். "இது உனக்கு. நீ வந்தா படிக்கிறதுக்கு" என்று ஒரு மாடத்தைக் காட்டினாள். கெண்டைமீன் குழம்பு வைத்து, என்னையும் ஜூனியர் பெண்ணையும் கலைச்சொல்லையும் வரிசையாக உட்காரவைத்துப் போட்டாள். சார் உள்ளே வரவில்லை. வாசலில் வந்து ஒரு வாய் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். "உங்க சாருக்கு என் வீடு புடிக்கல போல" என்றாள் அக்கா. புரிந்துதான் சொன்னாள். ஆனால் அவள் முகம் இருந்த பிரகாசத்தில் நாங்கள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

இரண்டு மூன்று வருடம் வானம் அக்கா பக்கம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, மழையும் பேருக்குத்தான். ஊரே குறுவை போச்சே என்று தலையில் கைவைத்திருந்தபோது ஏரிக்குள் இருந்தவர்கள் மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிம்மதியில் இருந்தார்கள். அவரைக்கொடி படர்ந்தது, முருங்கை காய்த்தது. நானுமே மெல்ல மெல்ல பயம் தெளிந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடக் கார்த்திகை மழையை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடாமல் அடித்தது. பஸ் நின்றுவிட்டது. சார் யாரையும் கேட்காமல் ஜீப்பை எடுத்தார், படகை ஏற்றச் சொன்னார். கலைச்சொல், ஜூனியர் பெண், நான். வழியெல்லாம் சாலைமேல் தண்ணீர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. கரைமேல் ஏறிப் பார்த்தேன். ஏரி நிறைந்திருந்தது. அத்தனை வருடத்தில் நான் பார்த்திராத அளவுக்குக் கரைக்குக் கரை தண்ணீர். ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மாமா மட்டும் கரையில் குந்தியிருந்தார். பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

மாமா வாழ்க்கையில் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். "விடிஞ்சதும் ஜீப்புல மைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. எல்லாரும் வீட்டக் காலி பண்ணிட்டு ஸ்கூலுக்கு வந்துருங்கன்னாங்க. அதுவரைக்கும் அவளும் மூட்டை கட்டிக்கிட்டுத்தான் இருந்தா. காலி பண்ணுன்னு காதுல விழுந்ததும் மூட்டையக் கீழ வச்சிட்டா. மிராசுதாரு ஆளு வந்து அப்படித்தான் சொல்லுவான், இவங்களும் அதையே சொல்றாங்க, ஒருக்க காலி பண்ணினா திரும்ப விடமாட்டாங்கன்னுட்டா. என் பேர்ல இருக்கு, என்னைக் காலி பண்ணச் சொல்ல இவன் யாருன்னு கேக்குறா. நான் பக்கத்து வீட்டு வயசானதுகளத் தூக்கி விட்டுட்டு வரேன், வந்து ஒன்ன இழுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்குள்ள மேல வாய்க்கா கரை ஒடைச்சுக்கிச்சு. சேத்துல வச்ச கல்லுதானே ஆத்தா. செவுரு அப்படியே அவ மேல..."

தார்ப்பாயை விலக்கினேன். முகத்தில் ஒரு காயம் இல்லை. பட்டா கிடைத்ததைச் சொல்ல நிறுவனத்துக்கு உடுத்திவந்த அதே பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். ஏன் கட்டினாள், எப்போது கட்டினாள், தெரியவில்லை. அக்கா, அக்கா என்று எவ்வளவு நேரம் கத்தினேன் என்றும் தெரியவில்லை. பாவி, ஒரு வார்த்தைக்காக இப்படியா உட்கார்ந்திருப்பாய் என்று அவளையே அடித்தேன். ஜூனியர் பெண்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சார் மழையில் நனைந்தபடி கரையோரம் திரும்பி நின்றிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சொல்லத்தான் வேண்டும். பட்டாக்களை ரத்து செய்தார்கள். ஏரிக்கு மறுபடியும் நீர்நிலை என்று பெயர் வந்தது. பிழைத்தவர்கள் ரோட்டோரம் குடிசை போட்டார்கள். அந்த ஏரி பற்றி நான் எழுதிய ஆராய்ச்சிக்குப் பட்டம் கிடைத்தது, பாராட்டினார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஏரித் தண்ணீரில் இருந்த மாதிரி தெளிவை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை நான்தான் அளந்தேன்.

அன்றைக்கு அடக்கம் செய்வதிலும் தகராறு. எங்கள் இடுகாடு ஏரிக்கு எதிர்க்கரையில். கரையோரமாகப் போனால் மிராசுதார் வயலைத் தாண்ட வேண்டும், நட்ட பயிரில் பிணம் போகக் கூடாது என்று எந்தக் காலத்திலும் விட்டதில்லை. எங்கள் பிணங்களெல்லாம் வற்றிய ஏரிக்குள் இறங்கி நடந்துதான் போகும். இப்போது ஏரியில் தண்ணீர். கலைச்சொல் ஆத்திரத்தோடு வயல் வழியாகவே தூக்குவோம் என்று கிளம்பினார். காரியக்காரர் ஆட்கள் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு சாவு வேண்டாம் என்று மாமா தடுத்தார். சார் என் பக்கம் வந்து மெதுவாக, "படகு இருக்கும்மா" என்றார்.

அக்காவைப் படகில் கிடத்தினோம். தலைமாட்டில் மாமா, கால்மாட்டில் நான். பொம்பளை இடுகாட்டுக்கு வரக் கூடாது என்று பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவளுக்குப் புள்ளையும் நான்தான், பொண்ணும் நான்தான்" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்தத் தண்ணீரில் படகைத் தள்ளத் தெரிந்தவள் ஜூனியர் பெண் ஒருத்திதான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறிக் கழியை ஊன்றினாள். சாரும் மற்றவர்களும் கரையிலேயே நின்றார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கூரைகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் எந்த வீடு எங்கே இருந்தது என்று ஒன்றும் புரியவில்லை. ஒரு முருங்கையின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. மாமா தலையைக் குனிந்தபடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மதகுப் பக்கம் வந்தபோது கழி இறங்காமல் நின்றது. ஜூனியர் பெண் எடுத்து மறுபடி ஊன்றினாள். மறுபடியும் டக்கென்று நின்றது.

"இந்த ஏரியில எங்க குத்துனாலும் சேறுதானேக்கா" என்றாள் அவள். "இங்க என்னமோ கல்லு மாதிரி தட்டுதே, என்னதுக்கா?"

"எங்க அக்கா வீடு" என்றேன்.